கொடுத்தவர் வாய்க்கு முதல் கவளம்

உண்ணிச்செடியின் இலையைக் கசக்கி முகர்ந்தால் மண்ணெண்ணெயும் பூனை மூத்திரமும் கலந்தது போல ஒரு வாடை வரும். ஆடு அதைத் தொடாது. பசி தாங்காமல் மேய்ந்த மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட இடத்தில் எல்லாம் தோல் உரியும். தும்பிப்பாறையில் இப்போது மனிதர்கள் அதைத் தின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபௌசியா தன் கூடாரத்தின் வாசலில் நின்று பார்த்தாள். பனி இன்னும் விலகவில்லை. சரிவு முழுக்க ஆளுயரம் வளர்ந்திருந்த புதர்களுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகள் தெரிந்தன. ஆளுக்கு ஒரு புதர். ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். தாடைகள் பக்கவாட்டில் அசைந்தன. ஈரச் சேற்றில் பல கால்கள் நடப்பது போன்ற அந்த மெல்லும் சத்தம் கூடாரம் வரை கேட்டது. நஞ்சனின் வாயோரத்தில் பச்சை நுரை வழிந்து தாடியில் காய்ந்திருந்தது. நஞ்சன் ஊரிலேயே பெரிய வாயாடி. தேன் எடுக்கப் பாறையில் கொடியைக் கட்டித் தொங்கும்போதுகூடக் கீழே நிற்பவர்களைக் கேலி பேசுவான் என்பார்கள். இப்போது அவள் கையசைத்ததும் தலையை ஒருமுறை உயர்த்திப் பார்த்துவிட்டு, மறுபடி இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவளுக்குக் குமட்டியது. அப்படிக் குமட்டியதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. இதைச் செய்யத்தான் அவள் இங்கே வந்திருந்தாள்.

பல்லடத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, எங்கோ பனி மூடிய கிராமங்களுக்குக் குதிரை வண்டியில் போகும் இளம் டாக்டர்களின் கதைகளைப் படித்து வளர்ந்தவள் ஃபௌசியா. அந்தக் கதைகளில் ஊர்க்காரர்கள் ரொட்டியும் உப்பும் கொண்டுவந்து வரவேற்பார்கள். டாக்டர் ஜன்னலோரம் நின்று நட்சத்திரங்களைப் பார்ப்பார். அவற்றில் யாருக்கும் வாய் நாறியதில்லை.

நுண்ணுயிரியல் படித்து முடித்ததும் ‘பசுங்கை’ என்ற அமைப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மலையூர்களைச் சொந்தக் காலில் நிற்கவைப்பது அவர்கள் வேலை. தும்பிப்பாறைக்கு அது தேவைப்பட்டது என்பதில் பொய்யில்லை. கடல் தாண்டி வந்த உண்ணிச்செடி காட்டையே மூடிவிட்டிருந்தது. அதன் அடியில் கிழங்கு இல்லை, புல் இல்லை, புல் தின்ன வரும் மானும் இல்லை. இருந்த சில குடிசைகளும் ரேஷன் அரிசியை நம்பியே இருந்தன. மழைக்காலத்தில் ஜீப் ஏறாது. முந்தைய மழையில் பாதை சரிந்து, அரிசி வராமல் இரண்டு குழந்தைகள் செத்துப்போயின. அதில் ஒன்றைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கியவர் சுதன், பசுங்கையின் களப் பொறுப்பாளர். அதன் பிறகுதான் அவர் ‘உறை’யைக் கொண்டுவந்தார். அவர் கெட்டவர் இல்லை என்று ஃபௌசியா பலமுறை தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

உறை கொடுத்த நாளன்று ஊர் நடுவே ஒரு பெரிய பானையில் ராகிக் கூழ் காய்ச்சியிருந்தார்கள். சுதன் கல்லின் மேல் ஏறி நின்று விளக்கினார்.

“பால்ல ஒரு கரண்டி மோர் ஊத்தினா காலையில என்ன ஆகுது? தயிர். இதுவும் அதே மாதிரிதான். இந்த உறையைக் கூழ்ல கலந்து ஒரே ஒரு தடவை குடிச்சாப் போதும். மூணு வாரத்துல உங்க வயிறு மாறிடும். புல்லைக் கரைக்கிற உயிருங்க மாட்டு வயித்துல இருக்கு. அதை எடுத்து, உண்ணியோட விஷத்தையும் முறிக்கிற மாதிரி வளர்த்திருக்கோம். அப்புறம் இந்தக் காடு பூரா உங்களுக்குச் சோறுதான். ஜீப் வந்தா என்ன, வராட்டி என்ன?”

“கழுத்துக்கு மணியும் நீங்களே கட்டி விடுவீங்களா, இல்ல நாங்க வாங்கிக்கணுமா?” என்று கேட்டான் நஞ்சன். ஊரே சிரித்தது. சுதனும் சிரித்தார்.

கூழ் வெதுவெதுப்பாக ஆறியதும் ஃபௌசியா புட்டியைத் திறந்து பானையில் ஊற்றிக் கலக்கினாள். நஞ்சனின் மனைவி மருதி அகப்பையால் முதல் கூழை மொண்டு, நேராகச் சுதன் வாயருகே கொண்டுபோனாள்.

தும்பிப்பாறையின் வழக்கம் அது. உணவு யார் கொடுத்தாலும் அதை வாங்கியவர் முதல் கவளத்தைக் கொடுத்தவர் வாயில்தான் வைப்பார். கிழங்கு தோண்டி வந்தவனுக்கு அவித்தவள் ஊட்டுவாள். அவித்தவளுக்கு அவன் ஊட்டுவான். பக்கத்துக் குடிசைக்குத் தேனடை கொடுத்தால் ஒரு விரல் தேன் திரும்பி வந்து நாக்கில் ஒட்டும். கொடுத்தவர் வாய் படாத சோறு உடம்பில் சேராது என்பது அவர்கள் நம்பிக்கை. சாயங்காலம் அடுப்புகள் எரியும் நேரத்தில் அந்த ஊரில் முதல் கவளத்தைத் தன் கையால் உண்டவர் யாரும் கிடையாது.

சுதன் ஓர் அடி பின்வாங்கினார். “நாங்க எல்லாரும் எடுத்தாச்சும்மா. இது உங்களுக்கு.”

“எல்லாருமா?” என்று மருதி ஃபௌசியாவைப் பார்த்துக் கேட்டாள்.

“எல்லாரும்,” என்றார் சுதன். தன்னார்வலர்கள் அந்தக் கூழை வாயில் வைக்கவே கூடாது என்று மலையேறும் முன் அவர்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஃபௌசியா பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதி அகப்பையைத் திருப்பித் தன் வாயில் வைத்தாள். பிறகு எல்லோரும் குடித்தார்கள். கடைசியில் மிஞ்சிய கூழை ஒரு சுரைக்குடுக்கையில் ஊற்றி, கெடாமல் வளர்ப்பது எப்படி என்று சுதன் மருதிக்குச் சொல்லிக்கொடுத்தார். வாரம் ஒருமுறை கொஞ்சம் மாவு கரைத்து ஊற்றினால் போதும். நாளைக்குப் பசுங்கை இல்லாவிட்டாலும், கல்யாணமாகி இந்த ஊருக்கு வரும் பெண்ணுக்கு அவர்களே உறை ஊற்றிக்கொள்ளலாம், எவரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை, அதுதான் தன்னிறைவு என்றார். மருதி இரண்டு முறை கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு, குடுக்கையைத் தன் குடிசையின் விட்டத்தில் தொங்கவிட்டாள்.

சுதன் சொன்னதெல்லாம் நடந்தது. மூன்று வாரத்தில் வயிறுகள் மாறின. பசி போயிற்று. எலும்பு துருத்திய தோள்களில் சதை வைத்தது. பசுங்கைக்காரர்கள் எடைக்கருவியைச் சுற்றி நின்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள்.

ஆனால் இலையில் சத்து குறைவு. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும் வரை மெல்ல வேண்டும். மத்தியானம் படுத்துக் கிடந்து செரிக்க வேண்டும். எழுந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். புதர் எல்லாப் பக்கமும் இருந்தது. யாரும் யாருக்கும் எதையும் தோண்டிக்கொண்டு வர வேண்டியதில்லை, அவிக்க வேண்டியதில்லை. அடுப்புகள் அணைந்தன. கொடுப்பவர் இல்லாததால் கொடுத்தவர் வாய் என்று ஒன்றும் இல்லாமல் போயிற்று. மாலையில் ஊர் நடுவே இப்போது யாரும் கூடுவதில்லை. குடிசைக்குப் பின்னால் பச்சைச் சாணம் போலக் கிடந்ததன் மேல் பெரிய ஈக்கள் மொய்த்தன. பல் எல்லாம் கறுத்தது. ஏப்பம் வந்தால் குடிசைக்கு வெளியே நிற்பவருக்கும் தெரிந்தது.

இன்னொன்றும் நடந்தது. அதைச் சுதன் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் மருதியின் குடிசையிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. ஃபௌசியா எட்டிப் பார்த்தாள். மருதி உண்ணி இலையைக் கசக்கி மூக்கில் துணியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அடுப்பில் அரிசி வேகவைத்துக்கொண்டிருந்தாள். பானை கொதித்து ஆவி எழுந்ததும் எழுந்து வாசலுக்கு ஓடி வந்து பச்சையாக வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுபடி ஓடி வந்தாள். அதற்குள் சோறு அடிப்பிடித்துவிட்டது. மூலையில் ரங்கி அலுமினியத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

ரங்கிக்கு மூன்று வயது. உறையை ஆறு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது, பிஞ்சுக் குடல் புண்ணாகிவிடும். அந்த வயதில் ஊரில் மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்.

“பொணம் வேகற மாதிரி இருக்குது, அம்மிணி,” என்றாள் மருதி. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, அழுததால் அல்ல. “மூச்சை அடக்கிக்கிட்டுத்தான் செய்யறேன். சோறு பொங்கற வரைக்கும் எப்படி அடக்கறது?”

அவள் குழந்தையைத் தூக்கப் போனாள். ரங்கி மூக்கைச் சுருக்கி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து ஃபௌசியாவின் கூடாரத்தில், அவளுடைய கேஸ் அடுப்பில் ரங்கிக்குச் சோறு வெந்தது. தினமும் ரங்கி முதல் கவளத்தைச் சின்னக் கையில் பிசைந்து ஃபௌசியாவின் வாயில் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட்டாள். மருதி காற்று எதிர்ப்பக்கம் வீசும் இடமாகப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்து, மகள் இன்னொருத்திக்கு ஊட்டுவதைக் கண்ணெடுக்காமல் பார்ப்பாள். மெல்லுவதைக்கூட அப்போது நிறுத்திவிடுவாள்.

அடுத்த முறை சுதன் மேலே வந்தபோது மகிழ்ச்சியாக இருந்தார். தும்பிப்பாறையை முழுத் தன்னிறைவு அடைந்த முதல் மலையூராக அறிவிக்க விழா ஏற்பாடாகியிருந்தது. நிதி கொடுப்பவர்கள் வருகிறார்கள், அதிகாரி ஒருவர் வருகிறார். அறிவித்த பிறகு ரேஷன் நின்றுவிடும். இதே போல இன்னும் பல மலைகளுக்கு உறை போகும்.

ரங்கி என்ன சாப்பிடுவாள் என்று ஃபௌசியா கேட்டாள்.

“ஒரே ஒரு குழந்தைக்காக ஒரு ஜீப்பா, ஃபௌசி? கீழ ஹாஸ்டல்ல பேசிட்டேன். அவங்களே வண்டி அனுப்பிக் கூட்டிட்டுப் போவாங்க. ஆறு வயசு ஆனதும் வந்து உறை குடிச்சுக்கட்டும்.”

“மூணு வயசுக் குழந்தையை அம்மாகிட்ட இருந்து பிரிச்சா அனுப்புறது?”

“சோறு வேக வைக்க முடியாத அம்மாகிட்ட வெச்சிருந்து?”

“அதான் கேக்கறேன். சோத்து வாசனையே ஏன் இவங்களுக்கு ஆகாமப் போச்சு? ஏதோ தப்பு நடந்திருக்கு. நாம சொல்லி நிறுத்தணும்.”

சுதன் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல மெதுவாகச் சொன்னார். “தப்பு இல்லம்மா. அப்படித்தான் வளர்த்தோம். வயித்துல இருக்கிற உயிருங்க மூளைக்குச் சேதி அனுப்பும், உனக்கே தெரியும். அதுக்குப் பிடிச்சது நமக்கும் பிடிக்கும். உண்ணி இலை பிடிக்கணும்னா மட்டும் போதுமா? பழசு பிடிக்காமப் போகணும். இல்லாட்டி ரெண்டே மாசத்துல எல்லாரும் திரும்ப அரிசிக்கு வரிசையில நிப்பாங்க. அப்புறம் எங்க தன்னிறைவு?”

“அவங்ககிட்ட சொல்லலையே.”

“சொன்னா குடிச்சிருப்பாங்களா?”

கூடாரத்துக்கு வெளியே யாரோ நீளமாக ஏப்பம் விட்டார்கள். சுதன் அனிச்சையாகக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். அதில் நல்ல லவண்டர் மணம் வந்தது. உண்ணி இலையிலோ பச்சை வாந்தியிலோ இல்லாத ஒரு நாற்றம் அந்தக் கைக்குட்டையில் இருப்பதாக ஃபௌசியாவுக்குத் தோன்றியது. வயிற்றைப் பழையபடி மாற்ற ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். அப்படி ஒன்றை உருவாக்க யாரும் நினைக்கவில்லை, பசியில்லாமல் இருப்பவர்கள் ஏன் பசிக்குத் திரும்பப் போகிறார்கள் என்றார்.

மறுநாள் காலை மருதி கூடாரத்துக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

“அந்தண்ணன் வாயில சோத்து நாத்தம் அடிக்குது. உன்ற வாயிலயும் அடிக்குது. நீங்க யாரும் குடிக்கல.”

ஃபௌசியா பொய் சொல்ல வாயைத் திறந்தாள். மருதியின் மூக்கு லேசாக விடைத்துச் சுருங்கியது. இனி அந்த மூக்கிடம் எதையும் மறைக்க முடியாது என்று புரிந்தது.

“இல்ல மருதிக்கா. குடிக்கல.”

“ரங்கியைக் கூட்டிட்டுப் போக வண்டி வருதாமே.”

“ஆமா.” பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சோறு பிடிக்காமல் போனது தானாக நடந்தது இல்லை என்பதையும், திரும்ப வழி இல்லை என்பதையும்.

மருதி கேட்டுக்கொண்டாள். கத்தவில்லை. கையிலிருந்த கிளையிலிருந்து ஓர் இலையை உருவி வாயில் போட்டு மென்றாள். விழுங்கிவிட்டு, “குடுத்தவங்க வாயி படல. அதான்,” என்றாள். எதற்கு இப்படி ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்குக் கடைசியில் காரணம் கிடைத்துவிட்டது போல இருந்தது அந்தக் குரல்.

விழா நாளன்று வெயில் பளிச்சென்று அடித்தது. பதாகை கட்டியிருந்தார்கள். நிதி கொடுப்பவர்கள் இருவர், அதிகாரி, வீடியோ எடுப்பவர், பசுங்கைக்காரர்கள் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தார்கள். முதலில் நஞ்சன் ஒரு கிளையை ஒடித்துத் தின்று காட்டினான். மூக்கைப் பொத்திய கையால் தட்ட முடியாது என்பதால் கைதட்டல் சன்னமாகத்தான் எழுந்தது. பட்டுப் புடவை கட்டிய ஓர் அம்மா, எப்படி இருக்கிறது என்று தள்ளி நின்றே கேட்டார்.

“ருசியா இருக்குதுங்க. நீங்களும் வாங்க, பொதர் நெறையக் கெடக்குது,” என்றான் நஞ்சன். உறை குடித்ததற்குப் பிறகு அவன் சொன்ன முதல் வேடிக்கை அதுதான். வந்தவர்கள் சிரித்தார்கள். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை.

வீடியோவுக்காகத் தேனும் தினைமாவும் பிசைந்த உருண்டை செய்யச் சொல்லிச் சுதனே சாமான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பாரம்பரியமாக ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். மருதி மூக்கில் இலை கட்டிக்கொண்டு பிசைந்திருந்தாள். தேக்கிலையில் உருண்டைகளை அடுக்கிக் கொண்டுவந்து, வரிசையின் முதலிலிருந்து தன் கையாலேயே ஒவ்வொருவர் வாயிலும் வைத்தாள். சுதனுக்கு நெகிழ்ந்துவிட்டது. கொடுத்தவர் வாய்க்கு முதல் கவளம் என்ற வழக்கத்தை அவரே கேமராவுக்கு விளக்கினார். பட்டுப் புடவை அம்மா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அதிகாரி இரண்டாவது உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் ஃபௌசியா உட்கார்ந்திருந்தாள். இலையில் ஓர் உருண்டை மிச்சம் இருந்தது. மருதி அவளிடம் வந்தாள். நின்றாள். பிறகு அவளைத் தாண்டிப் போய், வீடியோ எடுப்பவரின் வாயில் அதை வைத்துவிட்டுக் குடிசைக்குள் போய்விட்டாள்.

எல்லோரும் பார்த்தார்கள். ஃபௌசியாவுக்குக் காது மடல் சுட்டது. உறையைப் பானையில் கலக்கியது அவள் கை. தினமும் ரங்கிக்கு வடிப்பதும் அவள் கை. உண்மையைச் சொன்னவளும் அவள்தான். பொய் சொன்னவருக்கு உருண்டை, உண்மை சொன்னவளுக்கு இல்லை. “என்ன ஃபௌசி, உன்னைக் கணக்குலயே சேக்கல போல,” என்று சுதன் ஜீப்பில் ஏறும்போது கிண்டல் செய்தார். அவர் பல்லிடுக்கில் தினை மாவு ஒட்டியிருந்தது.

கண்காணிப்புக்காக மழை தொடங்கும் வரை அங்கேயே இருப்பதாகச் சொல்லி ஃபௌசியா தங்கிவிட்டாள். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் ரங்கிக்கு யாராவது சமைக்க வேண்டும். ரேஷன் நின்றது. அடிவாரத்துக் கடைக்கு இறங்கி, முதுகுப்பையில் அரிசி சுமந்து ஏறினாள். ஹாஸ்டல் வண்டி வரும் என்று மருதி தினமும் ரங்கியைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போனாள். வண்டி அந்த வாரமும் வரவில்லை, ஒரு மாதம் ஆகியும் வரவில்லை.

பாறையின் உச்சியில் மட்டும்தான் ஃபோன் எடுக்கும். ஏன் வண்டி வரவில்லை என்று கேட்க ஃபௌசியா ஏறிப் போய்ச் சுதனை அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தார்.

“ஃபௌசி.” குரல் கனத்திருந்தது. “உனக்குச் சோறு இறங்குதா?”

“இறங்குதே. ஏன்?”

சுதன் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு இறங்கல. வீட்டுல குக்கர் விசில் அடிச்சாலே வெளிய ஓடிர்றேன். நேத்து என் பொண்ணு தோசையைப் பிச்சு வாயில வெச்சா. அவ மேலயே எடுத்துட்டேன். அழுதுட்டே போய்க் குளிச்சா. இப்ப என் பக்கத்துலயே வர மாட்டேங்குறா.”

ஃபௌசியா பாறையில் உட்கார்ந்தாள்.

“அன்னிக்கு வந்தவங்க எல்லாருக்கும் இதே கதைதான். அந்தப் பட்டுப் புடவை அம்மா ஆஸ்பத்திரியில கிடக்காங்க. டாக்டருக்கு ஒண்ணும் புரியல, எங்களாலயும் சொல்ல முடியல. என்னன்னு சொல்றது? ஃபௌசி, நீ லேப்ல இருந்தவ. திரும்ப மாத்த ஏதாவது வழி இருக்கும் இல்லையா? ஏதாவது இருக்கணும்.”

“வழி இல்லைன்னு நீங்கதான் சொன்னீங்க.”

ஃபோனில் ஒரு சத்தம் மட்டும் கேட்டது. ஈரச் சேற்றில் கால் வைத்து எடுப்பது போல, நிதானமாக, மறுபடி மறுபடி.

“இப்ப எங்க இருக்கீங்க?”

“ரயில்வே கேட்டுப் பக்கம்,” என்றார் சுதன், வாய் நிறைய வைத்துக்கொண்டு. “வேலியோரம்.”

அவள் கீழே இறங்கி வந்தபோது மருதி தன் குடிசை வாசலில் மத்தியானத்து மயக்கத்தில் சாய்ந்து கிடந்தாள். வயிறு உப்பி, மெதுவாக ஏறி இறங்கியது. விட்டத்தில் சுரைக்குடுக்கை தொங்கியது. அதன் வாயில் துணி கட்டியிருந்தது. புதிதாகக் கரைத்து ஊற்றிய மாவு விளிம்பில் காய்ந்திருந்தது. எவரையும் எதிர்பார்க்காமல் அவள் அதை வளர்த்துக்கொண்டிருந்தாள், சொல்லிக்கொடுத்தபடியே.

“எனக்கு ஏன் குடுக்கல, மருதிக்கா?”

மருதி கண்ணைத் திறந்தாள். இதைக்கூடவா கேட்பாள் என்பது போலப் பார்த்தாள்.

“உனக்குக் குடுத்துட்டா ரங்கிக்கு ஆரு சோறு வடிக்கறது? இந்த மலையில சோறு நாறாத மூக்கு உன்றது ஒண்ணுதான்.”

ஃபௌசியாவுக்கு ஏதோ இளகியது போல இருந்தது. இத்தனை நாள் அவமானம் என்று நினைத்தது அவமானம் இல்லை. சிரிப்புகூட வந்தது. “அப்ப நான் குடுத்தவங்க கணக்குல இல்லையா? நானும்தான் பானையில ஊத்திக் கலக்கினேன்.”

“அதெப்படி இல்லாமப் போகும்?” மருதி குடுக்கையை நோக்கி முகவாயை உயர்த்திக் காட்டினாள். குரலில் பகை எதுவும் இல்லை. விருந்தாளிக்கு எடுத்துவைத்த தேனைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொன்னாள். “உன்ற பங்கு பத்திரமா இருக்குது, அம்மிணி. ரங்கிக்கு ஆறு வயசாகட்டும். ரெண்டு பேருக்கும் சேத்தே ஊத்தறேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தாடை தானாக அசையத் தொடங்கியது.

அடிவாரத்துக்கு இறங்கினால் சாயங்காலப் பேருந்து இருந்தது. யாரும் தடுக்க மாட்டார்கள். மருதி எழுந்துகூடப் பார்க்க மாட்டாள். ஃபௌசியா கூடாரத்துக்குப் போய் முதுகுப்பையை எடுத்தாள். அதில் பாதி அரிசி இருந்தது. பாறை இடுக்கிலிருந்து ரங்கி தானாக இறங்கி வந்து, தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்பின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஃபௌசியா பையை வைத்துவிட்டு அரிசி களைந்தாள்.

சோறு வெந்தது. ரங்கி ஊதி ஊதிப் பிசைந்தாள். முதல் கவளத்தை உருட்டி, எழுந்து நின்று, ஃபௌசியாவின் வாய்க்கு நேராக நீட்டினாள். விரலிடுக்கில் வெள்ளையாகச் சோறு பிதுங்கியிருந்தது.

ஃபௌசியாவின் வயிற்றில் எந்த உறையும் இல்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கவளத்தின் ஆவி மூக்கை எட்டியதும் அடிவயிற்றிலிருந்து ஏதோ புரண்டு தொண்டை வரை ஏறியது. ரங்கி கையை எடுக்கவில்லை. தள்ளி, காற்றின் எதிர்ப்பக்கம், யாரோ மெல்லுவதை நிறுத்தியிருந்தார்கள்.

ஃபௌசியா மூச்சை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்தாள்.